முகம் திருப்பாத டாங்கி

ஷோவ்டே முகாம், சுவீடன்
வியாழக்கிழமை, 1971

மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போன என் கோபக்காரிக்கு,

பட்டாணி சூப்பு ஆறிக்கொண்டிருக்கிறது. ஆறட்டும்! இதை முதலில் உனக்குச் சொல்லியாக வேண்டும்.

யார் சண்டையிலும் சேராத நம் நாடு தானே செய்துகொண்ட புது டாங்கியில் நான் பின்னோட்டி. மற்ற இருவரும் முன்னால் பார்த்து உட்கார்ந்திருக்க, நான் பின்புறம் பார்த்திருப்பேன். எனக்கும் தனி ஸ்டியரிங் உண்டு. பீரங்கி எதிரியைப் பார்த்தபடியே இருக்க, வண்டியை முழு வேகத்தில் பின்னால் ஓட்டுவது என் வேலை.

இன்று ஒத்திகைப் போரில் மூன்று பழைய டாங்கிகள் காட்டிலிருந்து திடீரென்று பாய்ந்து வந்தன. "எடுறா பின்னால!" என்று கத்தினார் எங்கள் தலைவர் தூரே. மிதித்தேன் பார்! அவர்கள் துரத்தினார்கள். மேட்டுக்குப் பின்னால் போய் நிறுத்தினேன். பீரங்கி அவர்களைப் பார்த்தபடியே இருந்ததால், மேடேறி வந்தவர்களை ஒவ்வொன்றாகக் குறிவைத்தார் தூரே. மூன்றும் அழிந்ததாக நடுவர் கொடி காட்டிவிட்டார்!

சாப்பாட்டு வரிசையில் தோற்றவன் ஒருவன், "ஓடி ஒளிஞ்சுதானேடா ஜெயிச்சீங்க!" என்றான்.

"ஓடினோமா? எங்க வண்டி மூஞ்சியைத் திருப்புச்சா, சொல்லு!" என்றார் தூரே. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"நான் வாயைத் திறந்தாலே நீ நழுவிடுற" என்று அன்று வாசலில் நின்று சொன்னாயே.

சனிக்கிழமை ரயிலில் அக்கா வீட்டுக்கே வருகிறேன். மோதிரம் சட்டைப் பையில் இருக்கிறது. மிச்சத் திட்டையும் திட்டு. பழக்கதோஷத்தில் இரண்டடி பின்னால் போனாலும் போவேன். முகத்தை மட்டும் திருப்ப மாட்டேன்.

உன் பின்னோட்டி