வள்ளி என்று நான் வைத்த பெயர்

ஜூலை 6, ஞாயிறு

மழை. டாலிகஞ்சிலிருந்து மெட்ரோவில் வந்தும் சல்வார் நனைந்துவிட்டது. பவானிபூரில் எங்கள் தமிழ் நூலகத்தின் அலமாரிகளைத் துடைத்து முடிப்பதற்குள் குழந்தைகள் வந்துவிட்டார்கள். நூலகத்தை நடத்தும் பத்மஜா மாமி வந்து கதை படிக்கப் பதினோரு மணி ஆகும். அதுவரை நான் படிப்பேன். பெரியவர்கள் யாராவது உள்ளே வந்தால் என் குரல் நின்றுவிடும். எட்டாவதோடு நின்றவள் படிப்பதை யார் கேட்பார்கள்?

பிறந்தநாள் கதையை எடுத்தேன். நாலாம் பக்கத்தில் துடைப்பத்தோடு ஒருத்தி. ‘கறுத்த வேலைக்காரி கேக்கைப் பார்த்து வாயைப் பிளந்தாள்’ என்று அச்சில் இருக்கிறது. பெயர்கூட இல்லை. போன மாதம் அதைப் படித்தபோது அனன்யா என் காதருகே வந்து, “எங்கம்மாவா அது?” என்று கேட்டாள். அவள் அம்மா மூன்று வீடுகளில் வேலை செய்கிறார். அன்றிலிருந்து, ‘வள்ளி அக்கா எல்லாரோடும் உட்கார்ந்து கேக் சாப்பிட்டாள்’ என்று படிக்கிறேன். படத்தில் அவள் நின்றுகொண்டுதான் இருக்கிறாள். “அப்புறமா உக்காந்திருப்பா” என்று அனன்யாவே சொல்லிக்கொண்டாள்.

நான் செய்வது பொய்தானோ?

ஜூலை 13, ஞாயிறு

மாட்டிக்கொண்டேன்.

மாமி இன்று அதே புத்தகத்தை எடுத்தார். ‘வேலைக்காரி’ என்றதும் குழந்தைகளில் ஹம்சினி குறுக்கிட்டாள். “மாமி, தப்பா படிக்கறேள். அவ பேரு வள்ளி. லதா தீதி சரியா படிப்பா.” இங்கே குழந்தைகளுக்கு நான் தீதி, வங்காளியில் அக்கா.

மாமி பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அச்சுல இருக்கறத மாத்த உனக்கு யாரு சொன்னா?”

துடைக்கும் துணியை முறுக்கிக்கொண்டு நின்றேன். அனன்யா எழுந்துபோய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

“இனிமே நீ படிக்க வேண்டாம். துடைச்சா போறும்.”

ஜூலை 14

அம்மாவிடம் சொன்னேன். “போன எடத்துல வேலைய மட்டும் பாருடி” என்றாள். சரி. பார்க்கிறேன்.

ஜூலை 20

துடைத்தேன். அனன்யா வரவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

இன்றும் வரவில்லை. “அந்தக் குட்டி ஏன் வரதில்ல?” என்று மாமி கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டுப் படியில் பாதி இறங்கினேன். தெரியாதா எனக்கு? திரும்பி ஏறினேன்.

“அவங்கம்மா வீட்டு வேலை செய்யறாங்க மாமி. படத்துல இருக்கறது எங்கம்மாவான்னு கேட்டா. அதான் மாத்தினேன்.”

தரையைப் பார்த்தே சொன்னேன். மாமி கண்ணாடியைக் கழற்றினார். “என் பொண்ணுக்கும் இதத்தான் படிச்சேன். ஒரு தடவகூட எனக்குத் தோணல.”

ஆகஸ்ட் 2, சனி

மேசைமேல் முப்பது புத்தகங்கள். கடையிலிருந்து பார்ப்பதற்கு வந்தவை. அவற்றில் பத்தை நூலகத்துக்கு வாங்குவார்கள். மாமி ஒரு கட்டுத் துண்டுச்சீட்டைக் கையில் கொடுத்தார். “எங்கெல்லாம் மாத்திப் படிப்பியோ, அங்கெல்லாம் ஒண்ணு வை. சீட்டே இல்லாதத வாங்கலாம்.”

என்னிடமா கேட்கிறார்?

பணக்காரப் பெண் ஏழைப் பெண்ணுக்குப் பழைய கவுன் கொடுக்கும் கதைக்கு ஒரு சீட்டு வைத்தேன். “நல்ல கதைதானேடி?” என்றார்.

“அந்த ஏழைப் பொண்ணு தேங்க்ஸ் மட்டும்தான் சொல்றா மாமி. வேற ஒண்ணுமே செய்யல.”

சக்கர நாற்காலிப் பையன் கதை எனக்குப் பிடித்திருந்தது. அதில் மாமி சீட்டு வைத்தார். “எல்லாத்துலயும் ஜெயிக்கறான். தோத்துட்டா மத்தவா சேத்துக்க மாட்டாளா?” அது எனக்குத் தோன்றவே இல்லை.

ஆகஸ்ட் 24

தேர்ந்தெடுத்த பத்துப் புத்தகங்களும் வந்துவிட்டன. அனன்யா வீட்டுக்குப் போனேன். “புதுசு வந்திருக்கு” என்று மட்டும் சொன்னேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

வந்தாள். கதவருகிலேயே உட்கார்ந்தாள்.

மாமி தன் நாற்காலியில் என்னை உட்காரச் சொல்லிவிட்டுக் குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்தார். முதல் வரியில் குரல் நடுங்கியது. நிற்கவில்லை. புதுக் கதையில் வீடு துடைக்கும் சுகுணா, பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்காக மகளோடு சண்டை போடுகிறாள். மகள்தான் ஜெயிக்கிறாள்.

பாதியில் பார்த்தால் அனன்யா என் முழங்காலருகே இருக்கிறாள். “இதுவும் நீ மாத்தினதா தீதி?”

புத்தகத்தை அவள் பக்கம் திருப்பினேன். விரல் வைத்து எழுத்துக் கூட்டினாள். சு. கு. ணா.

அப்புறம் பக்கத்தை அவளே திருப்பினாள்.