ஆரோக்கியம் செய்த சத்தமில்லாத கேபினெட்

என் அருமை மாப்பிள்ளை ஆரோக்கியம்,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. போன பிறகும் என்னை நிம்மதியாக விடமாட்டாய் போலிருக்கிறது. முந்தாநாள் ராயப்பன்பட்டி பாட்டு டீச்சர், நீ செய்து கொடுத்த கம்ப்யூட்டரை என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குத் தூக்கி வந்தார். ஆன் ஆகவில்லை. மாதா கோயில் பாட்டுகளை வீட்டிலேயே ரெக்கார்டு செய்கிறவர்; மைக்கில் ஃபேன் சத்தம் விழக்கூடாது என்றுதான் என்னை விட்டு உன்னிடம் வந்தார்.

கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். பொய் சொல்வானேன், வயிறு பற்றி எரிந்தது.

ஒரு வயர்கூடக் காற்றை மறிக்கவில்லை. ஹார்ட் டிஸ்க்கை ஸ்க்ரூ போட்டு முடுக்காமல் சைக்கிள் டியூப் பட்டையில் தொங்கவிட்டிருக்கிறாய், அதிர்வு தகட்டில் இறங்காதபடி. சத்தத்தை உறிஞ்ச உள்சுவர் முழுக்க ஸ்பாஞ்ச். அப்பாடா, தூசி அடையும், ஒரு குறை கிடைத்தது என்று சந்தோஷப்பட்டேன். தொட்டுப் பார்த்தால் ஜாக்கெட்டுக்கு வைக்கிற பிரஸ் பட்டன்! கழற்றித் துவைத்து மாட்டலாம். உன் வீட்டுக்காரி மேரியின் தையல். எனக்கு இதெல்லாம் ஏன்டா தோன்றவில்லை?

நீ இருந்தபோது ஊரெல்லாம் நான் சொல்லித் திரிந்தது உன் காதுக்கு வந்ததா? "அவன் பொட்டி சத்தம் போடாது, ஆனா உள்ளயே வெந்துரும்." டீச்சரிடமும் சொல்லியிருந்தேன். அவர் அதை மறக்கவில்லை.

"அன்னைக்குச் சொன்னீகளே, அந்தச் சூட்டுலதான் போச்சா?"

ஹை வோல்டேஜ் வந்து அதே நாள் தன் வீட்டு டிவியும் போனதாக, வந்ததும் அவரே சொல்லியிருந்தார். இதில் பவர் சப்ளை மட்டும்தான் கருகியிருந்தது. ஆனாலும் ஆமாம் என்று தலையாட்டினேன். செத்துப்போனவனிடம்கூடத் தோற்க மனசு வரவில்லை.

டீச்சர் அந்த ஸ்பாஞ்சைத் தடவிப் பார்த்தார். பிறகு, "இத மேரிகிட்ட சொல்லிராதீக. அவுக கையால தச்சது. மனசு விட்டுப்போகும்" என்றார்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. சூடு இல்லை டீச்சர், கரண்ட்தான் என்று சொன்னேன். இவ்வளவு நேர்த்தியாக ஒரு பெட்டியின் உள்ளே நான் பார்த்ததில்லை என்றும் சொன்னேன்.

"அவுக இருக்கையில ஒருக்கா சொல்லியிருக்கலாம்ல" என்றார்.



புது சப்ளை போட்டாயிற்று. வேறெதிலும் கை வைக்கவில்லை. ஆன் செய்து காதை ஒட்டவைத்தேன், ஓடுகிறதா என்றே தெரியவில்லை. பொறாமை இன்னும் போகவில்லை மாப்பிள்ளை. போகும் என்று வாக்குக் கொடுக்கவும் மாட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மேரியிடம் போவேன். ஊரெல்லாம் நான் பேசியதையும், அது அத்தனையும் பொய் என்பதையும் என் வாயாலேயே சொல்வேன். இது சத்தியம்.

உன்னிடம் நேரில் சொல்லத் துப்பில்லாமல் போன,
உன் மச்சான் சேசுராஜ்