மேசைக்கு அடியில் பட்ட உதை

லிவாரோ, நார்மண்டி
அக்டோபர் 24, 1989, செவ்வாய்

அன்பு மகள் செவரினுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் பதினெட்டு மாடுகளும் இங்கே சுகம். அப்பாவின் தலைவலி மட்டும் இன்னும் முழுதாக இறங்கவில்லை, அதற்குக் காரணம் நீதான், கீழே எழுதுகிறேன். அங்கே உலகத்தின் மறுகோடியில் நூமியாவில் நீயும் கிளோவிசும் உடம்பும் மனமும் தெளிவாக இருக்கிறீர்கள் என்று கேட்டால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். வெயிலில் தொப்பி இல்லாமல் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாய் என்று அவன் போன மாதம் போட்டுக்கொடுத்தான், தொப்பியைப் போடு. உன் தங்கமான மூக்கு உரிந்து கல்யாணப் படத்தில் சிவப்பாகத் தெரிந்தால் என்னைக் கேட்காதே.

கல்யாணம் என்று எழுதிவிட்டேன், அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுக்க. தவளை தன் வாயால் கெடும் என்பது உன் விஷயத்தில் எவ்வளவு சரி. கிளோவிசின் அப்பா தெசிரே கிழக்கே ஜூரா மலைப்பக்கம் நாலு தலைமுறையாக ஒயின் போடுகிற மனிதர். உன் முதல் கடிதத்துக்கு மரியாதையாகப் பதில் போட்டார். அதோடு நீ சும்மா இருந்திருக்கலாம். இரண்டாவது கடிதத்தில், எங்க அப்பா பிரான்ஸ் முழுக்க ஒயின் ருசி பார்த்தவர், அவர் நாக்கை யாரும் ஏமாற்ற முடியாது என்று அளந்துவிட்டாய். அன்றோடு அவர் வாய் அடைத்தது. ஏழு மாதம் பதில் இல்லை. தன் அப்பா சம்மதிக்காமல் கல்யாணம் இல்லை என்று கிளோவிஸ் அங்கே நிற்க, நீ போனில் அழ, நான் இங்கே பால் வாளியோடு சேர்ந்து அழுதேன். பிறகு போன மாதம் அவர் மனைவி இவெத்திடமிருந்து நாலே வரி வந்தது, அறுவடை முடிந்தது, இருவரும் வந்து போங்கள் என்று. பிறந்ததிலிருந்து ஆப்பிள் சைடரும் ஆப்பிள் பிராந்தியும் தவிர எதையும் நாக்கில் வைக்காத உன் அப்பாவை, பிரான்ஸ் முழுக்க ருசி பார்த்தவராக மாற்ற எனக்கு இருந்தது பதினொரு நாள்.

மாடுகளைப் பக்கத்துப் பண்ணையில் ஒப்படைத்துவிட்டு, வேனில் ஆறு லிவாரோ சீஸ் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, வழியில் கற்றுக்கொண்டே போகலாம் என்று கிளம்பினோம். முதலில் சான்சேர் என்ற ஒயின் ஊர். நிலவறையில் இருந்த அம்மாள் வரிசையாக வெள்ளை ஒயின் ஊற்றி, சுழற்றுங்கள், மூக்கை விடுங்கள், வாயில் உருட்டுங்கள், இந்த வாளியில் துப்புங்கள் என்று பாடம் எடுத்தாள். அப்பா முதல் மூன்றையும் ஒழுங்காகச் செய்தார். நாலாவதுக்கு மாட்டேன் என்றுவிட்டார். பசு கொடுத்ததையும் மண் கொடுத்ததையும் துப்புகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது என்று அவளுக்கே பாடம் எடுத்தார். ஒன்பது கிளாஸ். சாயங்காலம் மாதா கோயில் படியில் உட்கார்ந்து வருகிற போகிறவர்களுக்கெல்லாம் நம் மாடுகளின் பெயரை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார், அதிலும் இரண்டை விட்டுவிட்டார். எனக்கோ வேறு கதை. இரண்டாவது கிளாசை முகர்ந்ததும் யோசிக்காமல், இது மழை விட்ட பிறகு நம் கொல்லை வேலி, அதில் பூனை வேறு போயிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். உன் அப்பா தலையில் அடித்துக்கொண்டார். அந்த அம்மாள் கிளாசைக் கீழே வைத்துவிட்டு, அதுதான், அப்படியேதான் என்றாள். அறுபத்தொரு வயதில் எனக்கு ஒரு மூக்கு இருப்பது அன்றைக்குத் தெரிந்தது. அவளும் விடவில்லை, தக்கை கெட்டுப்போன பாட்டில் ஒன்றைத் திறந்து, ஈரச் சாக்கு நாற்றம் வந்தால் அது கெட்டது, மறக்காதீர்கள் என்று காட்டினாள். அந்த ஊர் ஆட்டுப்பால் சீஸை அந்த ஊர் வெள்ளையோடு தின்னக் கொடுத்து, ஒரே மண்ணில் விளைந்ததை ஒன்றாகப் போட்டால் தப்பே வராது என்று ஒரு சூத்திரமும் சொன்னாள். மறுநாள் வேனில் அப்பா அதையே அசைபோட்டுக்கொண்டு ஓட்டினார். அப்புறம் கேட்டார், "அப்போ நம்ம பொண்ணும் அந்தப் பையனும்?" ரோட்டைப் பார்த்து ஓட்டுங்கள் என்றேன்.

அவருடைய நாக்கை நம்பிப் பயனில்லை என்று பர்கண்டி வந்து சேர்வதற்குள் தீர்ந்துவிட்டது, ஆகவே என் மூக்கு, அவர் வாய் என்று ஒப்பந்தம் போட்டோம். நான் காதைத் தொட்டால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், மனம் விட்டுப் புகழலாம். கொண்டையைச் சரிசெய்தால் கூரையைப் பார்த்து ம்ம் என்று இழுக்க வேண்டும். கழுத்துச் சங்கிலியை உருட்டினால் கெட்டது, கிளாசை வைத்துவிட வேண்டும். சத்திரத்தில் ஒத்திகை பார்த்தபோது நிஜமாகவே காது அரித்துச் சொறிந்துவிட்டேன், அவர் தண்ணீர்க் கூஜாவை ஐந்து நிமிடம் புகழ்ந்தார். வேனுக்குள் லிவாரோ நாற்றத்தில் வேறெதுவும் தெரியாது என்பதால் நான் ஒவ்வொரு ஊரிலும் கிளாசோடு வயலுக்கு நடுவே போய் நின்று முகர்ந்தேன், ஜனங்கள் என்ன நினைத்தார்களோ. சத்திரக்காரர் இரண்டு விஷயம் சொல்லி அனுப்பினார். எங்கேயும் வெள்ளைதான் முதலில், சிவப்பு பிறகு. இரண்டாவது, ஜூரா வெள்ளைக்கு ஒரு பழைய வாசனை இருக்கும், தெரியாதவர்கள் கெட்டுவிட்டது என்று சொல்லி மானத்தை வாங்கிக்கொள்வார்கள், ஜாக்கிரதை. அந்த இரண்டாவது எச்சரிக்கைதான் எங்களைக் கிணற்றில் தள்ளியது.

ஒருவழியாக ஜூரா வந்தது. உன் மாமனார் தெசிரே உயரமான மனிதர், கிளோவிசுக்கு இருக்கிற அதே காது. வாசலில் கை கொடுத்தபோது அவர் கை சில்லென்று இருந்தது. கர்வம் என்று நினைத்தேன். அப்பா லிவாரோ பெட்டியைத் திறந்து நீட்டினார். நாய் எழுந்து வெளியே போய்விட்டது. இவெத் ஒரு அடி பின்னால் போனாள். தெசிரே மட்டும் அதன்மேல் குனிந்து சிரித்த முகத்தோடு அப்படியே நின்றார். என்ன வளர்ப்பு என்று மெச்சிக்கொண்டேன். மேசையில் உட்கார்ந்ததும் முதலில் சிவப்பை ஊற்றினார். அப்பா முகம் வெளுத்து என்னைப் பார்த்தார், எங்களைச் சோதிக்கிறார் என்று நினைத்துக்கொண்டார். அங்கே வழக்கமே சிவப்பு முதலில்தானாம், வெள்ளைதான் வீரியமானது என்று, அது பிறகு தெரிந்தது. சிவப்பு நன்றாக இருந்தது, காதைத் தொட்டேன், அப்பா சொற்பொழிவு செய்தார். பிறகு இவெத் சீஸ் எடுக்க உள்ளே போன நேரத்தில் ஒரு வெள்ளையைத் திறந்து, தாமே முதலில் முகர்ந்து, ருசித்து, தலையாட்டி, "இது எங்க வீட்டிலேயே நல்ல வருஷத்து ஒயின்" என்று ஊற்றினார். நான் மூக்கை விட்டேன். ஈரச் சாக்கு. அதிலும் எலி செத்த சாக்கு. ஆனால் சத்திரக்காரர் சொன்ன பழைய வாசனை இதுதானோ? போட்டவரே தலையாட்டுகிறாரே? என் கை காதுக்கும் போகவில்லை, சங்கிலிக்கும் போகவில்லை. நான் அசையாததைப் பார்த்த உன் அப்பா, மனப்பாடம் செய்து வைத்திருந்ததை அவிழ்த்துவிட்டார். வால்நட், பழைய மரப்பெட்டி, மலைக்காற்று. தெசிரேயும் ஆமாம், அந்தக் காற்று, சரியாகப் பிடித்துவிட்டீர்கள் என்றார். இரண்டு ஆண்பிள்ளைகளும் கெட்டுப்போன ஒயினைக் கண்மூடி ரசித்துக் குடித்தார்கள், மகளே, இரண்டாவது கிளாசும் ஊற்றிக்கொண்டார்கள்.

இவெத் வந்து உட்கார்ந்து ஒரு வாய் வைத்தாள். அடுத்த நொடி மேசைக்கு அடியில் என் முழங்காலுக்குக் கீழே நறுக்கு நறுக்கென்று இரண்டு உதை. சம்பந்தம் பேச வந்த இடத்தில் இப்படியும் ஒரு மரியாதையா என்று எனக்குச் சுரீரென்றது, நானும் திருப்பி ஒன்று விட்டேன். அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது, அந்த உதைகள் எனக்குப் போட்டவை இல்லை, அவள் புருஷனுக்குப் போட்டவை, குறி தவறி என் காலில் விழுந்தவை. சீஸ் வெட்ட ஒத்தாசைக்கு வாங்க என்று என்னை அடுப்பங்கரைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். "உங்க வீட்டுக்காரருக்கு ஒயினைப் பத்தி ஒண்ணுமே தெரியாது, அப்படித்தானே?" என்றாள். ஆமாம் என்றேன், உங்களவருக்கு என்று கேட்டேன். அவள் சிரிக்க ஆரம்பித்து முக்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

போன வருஷம் ஏப்ரலில் நிலவறைப் படியில் விழுந்து தலையில் அடிபட்டவருக்கு அன்றிலிருந்து எந்த வாசனையும் தெரியவில்லையாம். ரொட்டி கருகினாலும் தெரியாது, ஒயினும் தண்ணீரும் ஒன்று. அதுவரை அவளை நிலவறையில் ருசி பார்க்கவே விட்டதில்லை, இப்போது எல்லாவற்றையும் அவள்தான் முகர்ந்து முடிவு செய்கிறாள், வாங்க வருகிறவர்கள் முன்னால் ஒரு உதை நல்லது, இரண்டு உதை கெட்டது. விஷயம் வெளியே போனால் யார் வாங்குவார்கள்? இந்த நிலைமையில் உன் இரண்டாவது கடிதம் போய்ச் சேர்ந்திருக்கிறது, நாக்கை ஏமாற்ற முடியாத ஒரு சம்பந்தி வருகிறார் என்று. மனிதர் பயத்தில் பேனாவையே எடுக்கவில்லை. கர்வமும் இல்லை, உன்மேல் கோபமும் இல்லை. உன் கதவுக்கு நீயே தாழ்ப்பாள் போட்டிருக்கிறாய். கிளோவிசுக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "தோட்டத்தைப் பார்த்துக்க அவனா ஆசைப்பட்டு வரட்டும், பாவம் பார்த்து வர்ற பிள்ளை எனக்கு வேணாம்னு சொல்றார். இன்னும் எத்தனை வருஷம் அக்கா நான் உதைச்சுக்கிட்டே ஒயின் போடறது?" என்றாள். மகனிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். கொடுத்தேன்.

திரும்பி வந்து அந்தப் பாட்டிலை என் முழங்கையால் தட்டிவிட்டேன். நல்ல வருஷம் போச்சே என்று தெசிரே துடித்தார், இவெத் என்னைவிட அதிகமாக வருத்தப்பட்டுக்கொண்டே துடைத்தாள். பிறகு அவர்கள் ஊர் மஞ்சள் ஒயின் வந்தது, ஆறு வருஷத்துக்கு மேல் பீப்பாயில் கிடப்பது. நான் காதைத் தொடுவதற்குள் உன் அப்பா முகர்ந்துவிட்டு, கண்ணை விரித்து, "அட, இது வெந்தயம். சந்தைக்கு முன்னாடி கன்னுக்குட்டிக்குச் சதை பிடிக்கப் போடுவோமே, அந்த மூட்டையைப் பிரிச்ச வாசனை" என்று போட்டு உடைத்தார். பிரான்ஸ் முழுக்க ருசி பார்த்த மானம் அதோடு போயிற்று என்று நான் சங்கிலியை அறுந்துபோகிற மாதிரி உருட்டுகிறேன், அவர் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. இவெத் கிளாசை முகர்ந்து, அதேதான் என்று மெல்லச் சொன்னாள். தெசிரே, இன்னும் என்ன என்று கேட்டார். அப்பா மறுபடி முகர்ந்து, பச்சை வால்நட் தோலை உரித்த கை, வைக்கோல் பரணில் வெயில் காய்ந்த பிற்பகல் என்று தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னார். இன்னும், இன்னும் என்று தெசிரே கேட்டுக்கொண்டே இருந்தார், கண்ணை மூடிக்கொண்டு. ஒன்றரை வருஷமாக இல்லாத தன் ஒயினை உன் அப்பா வாயால் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது மேசையில் எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். கண்ணைத் திறந்ததும், கிளோவிஸ் பிறந்த வருஷத்து மஞ்சள் ஒயினை எடுத்து வைத்திருக்கிறேன், கல்யாணத்துக்கு அதைத்தான் திறப்போம், எப்போது வைத்துக்கொள்ளலாம் என்றார். அப்பா அந்த உற்சாகத்தில் அவர்கள் ஊர் சீஸைத் தள்ளிவிட்டு நம் லிவாரோவை மஞ்சள் ஒயினோடு தின்றார். சேரவில்லை என்று சொல்ல எனக்கு ஆசைதான். சேர்ந்தது.

உன் அப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அந்த வெள்ளை ஒயின் விஷயத்தில் தானும் தெசிரேயும் ஒரே நாக்கு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார், இருக்கட்டும். ஆனால் உன்னிடம் சொல்கிறேன். சத்தியத்தை மீறவில்லை, இவெத் மகனிடம் சொல்லக் கூடாது என்றுதான் வாங்கினாள், மருமகள் பெயரை விட்டுவிட்டாள். மறந்துவிட்டாள் என்று முதலில் நினைத்தேன். வேன் கிளம்பும்போது ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்து, செவரினுக்கு அடிக்கடி எழுதுவீங்களா அக்கா என்று கேட்டாள். அவள் எதையும் மறக்கிறவள் இல்லை.

இதை எழுத மூன்று நாள் யோசித்தேன், மகளே, ஏனென்றால் இது எனக்கு நஷ்டம். நீங்கள் இருவரும் திரும்பி வந்தால் இங்கே இருப்பீர்கள் என்று மேல்மாடி அறைக்குப் போன வசந்தத்திலேயே சுண்ணாம்பு அடித்து வைத்தேன், உனக்குச் சொல்லவில்லை. இப்போது நீ வந்தால் அங்கேதான் போவாய். ஜூரா நூமியாவைவிடக் கிட்டத்தானே என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், அழுகை வந்தது. ஆனாலும் அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டதைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. முடிவு உன்னுடையது. வருவதென்றால், நீயே அந்தத் தோட்டத்துக்கு ஆசைப்படுகிற மாதிரி அவனிடம் ஆரம்பி, ஆசை அவனுக்கும் உள்ளே இருக்கிறது, இல்லாவிட்டால் அப்பா சம்மதத்துக்காக ஏழு மாதம் நிற்பானா? வர முடியாதென்றால் அதையும் எனக்கு மட்டும் எழுது, நான் உன்னைக் குறை சொல்ல மாட்டேன்.

மாதா உங்கள் இருவருக்கும் துணை இருக்கட்டும், நீங்கள் எந்த ஊரில் குடித்தனம் வைத்தாலும் அந்த வீட்டில் பாலும் சிரிப்பும் குறையாமல் இருக்கட்டும். படித்ததும் இதைக் கிழித்துக் கடலில் போட்டுவிடு, மறக்காதே. அம்மா நாலு பக்கம் என்ன எழுதினாள் என்று கிளோவிஸ் கேட்டால், சிவப்பி கன்று போட்டதைப் பற்றி என்று சொல். அது பொய்யாகக் கூடாது என்பதற்காகத்தான் இப்போது எழுதுகிறேன், சிவப்பி ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கன்று போட்டது, கிடாரி, இரண்டும் சுகம்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும் அம்மா,
ஓதில்