இன்னிக்கு ஆட்ட விதியை நான்தான் படிப்பேன்

டெஸ்மண்ட்,

சாசேஜ் ரோல் ஓவன்ல இருக்கு. உன் தம்பி க்ளைவ் ஆறு மணிக்கு வருவான், அவனுக்கும் மிச்சம் வை.

நேத்து அவன் முன்னாடி, "உனக்குப் புரியாது லொரெய்ன், பேசாம சீட்டைப் போடு"ன்னு சொன்னியே? காலையில அந்தப் புது சீட்டாட்டத்தோட விதிப் புத்தகத்தை நானே படிச்சேன். ஜெயிச்சவங்க இல்ல, தோத்தவங்கதான் அடுத்த ஆட்டத்தை ஆரம்பிக்கணும்! மூணு வாரமா தப்பாப் படிச்சுச் சொல்லி, நீயே முதல்ல ஆரம்பிச்சு, நீயே ஜெயிச்சிருக்கே. ஃபிரிட்ஜ் கதவுல எழுதி வச்சிருந்த உன் பாயிண்டையெல்லாம் அழிச்சுட்டேன்.

கடைக்குப் போறேன், வரும்போது இன்னொரு புது ஆட்டம் வாங்கிட்டு வரேன். பெட்டியை நான்தான் பிரிப்பேன். நீ முறைச்சுக்கிட்டு தோட்டத்து ஷெட்ல போய் உட்கார்ந்தாலும் ஆட்டம் நிக்காது.

லொரெய்ன்

பி.கு.: புரியலைன்னா கேளு. உன் தம்பி முன்னாடி நான் உன்னை மட்டம் தட்ட மாட்டேன்.