உன் படத்தில் என் அழுகை

வுப்பர்டால், ஜேர்மனி
18.11.2007

அன்பு மகன் தபோதரனுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. நான் நல்ல சுகம், முழங்கால்தான் படியேற மறுக்கிறது. நீயும் சுகமாய்த்தான் இருப்பாய். அடுத்தவர் அழுகையை விற்றுச் சாப்பிடுகிறவர்களுக்கு நோய்நொடி வருவதில்லை.

போன ஞாயிறு உன் படம் இங்கே தொலைக்காட்சியில் போனது. என் மகன் இசையமைத்த படம் என்று கோயிலில் கண்டவர்களையெல்லாம் வீட்டுக்குக் கூப்பிட்டு, உழுந்து ஊறப்போட்டு வடையும் சுட்டு வைத்திருந்தேன். கிளாஸ்கோவில் நாலு பேரோடு சேர்ந்து நீ பாடித் திரிந்த காலத்தில் உன்னைப் பற்றி வாய் திறக்காத சனம், படத்துக்கு இசை என்றதும் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து இருந்தது. உங்கள் குழுவின் அந்த ஒற்றைப் பாட்டு இரண்டு கோடைக்கு ஓடிப் படுத்துவிட்டதை எல்லாரும் மறந்துபோனார்கள். அப்பா மட்டும் மறக்கவில்லை, தான் சட்டி கழுவிய உணவகத்துக்கு அந்த இசைத்தட்டைக் கொண்டுபோய் முதலாளிக்குப் போட்டுக் காட்டியவர். எனக்கு அந்தப் பாட்டு ஒருநாளும் பிடித்ததில்லை, அவருக்காகத் தலையாட்டினேன், இனிச் சொல்வதற்கென்ன.

படத்தில் ஒருத்தி புருஷனுக்கு நஞ்சு வைத்துக் கொன்றுவிட்டுச் சாவகாசமாகக் குளிக்கிறாள். அந்த நேரம் பின்னால் ஒரு பெண் ஒப்பாரி வைப்பது கேட்டது. பனியிலை நடந்து போன என்ரை ராசா, உங்கடை சப்பாத்து வாசலிலை கிடக்குதெல்லோ என்று. வடைத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டேன். அது என் குரல். தை மாதம் உன் அப்பாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து நான் அழுத அழுகை. வந்திருந்த புஷ்பராணி திரும்பிப் பார்த்து, அக்கா, உது உங்கடை குரலெல்லோ என்றாள். பிறகு ஒருத்தரும் வடையைத் தொடவில்லை. முடிவில் எழுத்துகள் ஓடியபோது அவளுடைய மகள் சிவப்பிரியா வாசித்துச் சொன்னாள். இசை, ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த நீ. ஒப்பாரி, நாட்டார் பாடல், பாடிய பெண்ணின் பெயர் தெரியாது.

செத்தவீட்டுக்கு நீ வரவில்லை. ஏதோ ஒரு படத்துக்கு இசை முடித்துக் கொடுக்கிற கடைசி நாளாம். வர ஏலாதம்மா, அங்கை அழுறதைச் சித்தியை ரேப் ரெக்கோடரிலை பதிஞ்சு அனுப்பச் சொல்லுங்கோ, கேட்டெண்டாலும் அழுறன் என்றாய். அதை நம்பித்தான் யோகம் சித்தி பெட்டியடியில் ரேப் ரெக்கோடரைக் கொண்டுவந்து வைத்தாள். கொள்ளிக்கு மகன் இல்லாமல், அப்பாவோடு சட்டி கழுவின சோதிலிங்கம் அண்ணைதான் மின்சாரச் சுடலையில் பொத்தானை அமத்தினார். பிள்ளை தூரத்தில் இருந்து கேட்டு அழுகிறான் என்று நான் வந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன். நீயோ எந்த இடத்தில் வெட்டி எந்த இடத்தில் ஒட்டலாம் என்று பார்த்துக் கேட்டிருக்கிறாய். திங்கட்கிழமை போன் எடுத்து, அம்மா, அந்த இடந்தான் எல்லாருக்கும் பிடிச்சிருக்கு, உங்களுக்குச் சந்தோசமில்லையோ என்றாயே, அப்போதுதான் போனை வைத்தேன். லைன் அறுந்துபோனதென்று நினைத்திருப்பாய்.

வாற தை மாதம் அப்பா செத்து ஒரு வருஷம், ஆட்டைத் திவசம். நீ வரவேண்டாம். அதையும் சோதிலிங்கம் அண்ணையே செய்வார், ஐயரிடம் சொல்லியாயிற்று. அங்கே குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ, சின்ன வயதிலிருந்தே உனக்குக் காதுவலி வரும். இன்னொன்றையும் ஞாபகத்தில் வைத்துக்கொள். நான் செத்தால் என் பெட்டியடியில் ஒருத்தரும் வாய்விட்டு அழக்கூடாது என்று சித்தியிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். நீ வந்தாலும் எடுத்துக்கொண்டு போவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது.

முருகன் உன்னை ஒரு குறையுமில்லாமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
பெயர் தெரியாத பெண்