சிவப்புக் காருக்குப் பின்னால்

என்னங்க, சாப்பாடு அடுப்பு மேல மூடி வெச்சிருக்கேன். நேத்துச் சண்டையிலேர்ந்து என் ஃபோனை எடுக்க மாட்டேங்கறீங்க, அதான் எழுதறேன்.

மொட்டைமாடியில பொம்மைக் கார்களை (பொம்மைன்னு சொன்னதுக்கு உடனே கோவிச்சுக்காதீங்க) வெச்சு, பின்னால நம்ம தெரு தெரியற மாதிரி படம் எடுக்கறீங்களே, கார் நிஜம் மாதிரி இருக்கான்னு மட்டும்தான் பாக்கறீங்க. பின்னாலயும் பாருங்க. நீங்க வெச்சுட்டுப் போன கேமராவுல பாத்தேன், நாலு நாள் படத்துலயும் அதே வெள்ளை வேன், அதுல அதே ஆள், நம்ம வீட்டையே பாத்துட்டு இருக்கான். இன்னிக்குக் காலையில எடுத்ததுல வேன் நிக்குது, ஆளைக் காணோம்.

எனக்குப் பயமா இருக்கு. பாப்பாவைக் கூட்டிக்கிட்டு எங்க அக்கா வீட்டுக்குப் போறேன்.

பி.கு.: மழை வருதேன்னு, நீங்க மாடியில விட்டுட்டுப் போன சிவப்புக் காரை எடுக்கப் போனேன். மாடிக் கதவு அந்தப் பக்கத்துலேர்ந்து தாழ் போட்டிருக்கு. இந்தச் சீட்டை வாசல் கதவுல ஒட்டிட்டு ஓடறோம். சாப்பாடு கிடக்கட்டும், உள்ள வராதீங்க.