ரெனாட்டாவின் முக்காலி

அன்புள்ள ரெனாட்டா அக்காவுக்கு,

இதை யாரிடமும் காட்டாதே. கப்பலில் உன் அறையில் இருப்பவளிடம்கூட. படித்ததும் அலாஸ்காக் கடலிலேயே போட்டுவிடு. போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். பயமாக இருக்கிறது, சந்தோஷமாகவும்தான்.

உன் பைனாகுலர் முக்காலியை எடுத்துவிட்டேன்.

நீ சண்டை போட்டுவிட்டுப் போன அன்று அப்பா அதைக் கொட்டகையின் மேல்தட்டில் ஏற்றி, "இத யாராவது தொட்டீங்க, வேட்டைங்கிற பேச்சே இந்த வீட்ல கிடையாது" என்றார். எனக்கு முதன்முதலாக மான் வேட்டைக்கு அனுமதி கிடைத்த வருடம் இது. நாளை கடைசி நாள். அப்பாவோ நாளை வேலி கட்டப் போகிறாராம். "அவளுக்குப் பொறுமை இல்லடா" என்று என்னைப் பற்றி சூய் மாமாவிடம் சொன்னார். "பொறுமையா? சட்டியில விழுந்த சோளப்பொரி அவ" என்று மாமா வாய் நிறையத் தமாலே கொழுக்கட்டையோடு சிரித்தார்.

பொறுமை இல்லாமல் இல்லை, அக்கா. அப்பாவின் முக்காலி அவர் நிற்கும் உயரத்துக்கு வாங்கியது. அதில் நான் நுனிக்காலில் நின்று பார்க்க வேண்டும். காற்றடித்தால் மலையே ஆடுகிறது. பைனாகுலரைப் பொருத்தும் அந்த உருண்டைத் தலையின் திருகைத் தளர்த்தினால் பைனாகுலர் தொப்பென்று தலைகுப்புறக் கவிழ்கிறது. பத்து நிமிடத்தில் கண் எரியாதா?

இன்று அப்பாவும் மாமாவும் டவுனுக்குப் போனதும் உன்னுடையதைத் தூக்கிக்கொண்டு கிணற்று மேட்டில் ஏறினேன். கனம்தான். "மலையேற இரும்புக் கட்டிலத் தூக்கிட்டுப் போறா பாரு" என்று அப்பா உன்னைக் கேலி செய்வாரே! ஆனால் நீ சொன்னபடி கால்களை அகல விரித்து, தரையில் உட்கார்ந்து, அடியில் கல் போட்ட பையைத் தொங்கவிட்டேன். அசையவே இல்லை! கைப்பிடியை லேசாகத் தள்ளினால் வழுக்கிப் போய், விட்ட இடத்தில் நிற்கிறது. புத்தகம் படிப்பதுபோல் எதிர்மலையை வரி வரியாகப் பார்த்தேன். மதியச் சாப்பாட்டையே மறந்துவிட்டேன்.

கருவாலி மரத்து நிழலில் ஒரு காது அசைந்தது. அவ்வளவுதான். பிறகு அந்த நிழலிலிருந்தே கொம்பு முளைத்தது. அக்கா, அவனேதான்! அப்பா போன வருடமெல்லாம் தேடிய சாம்பல் கிழவன். சாவகாசமாக அசைபோட்டபடி படுத்திருந்தான். நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அவனைப் பார்த்ததை அப்பாவிடம் சொன்னால்தான் நாளை போகமுடியும். சொன்னால் எதில் பார்த்தாய் என்பார். இதை யோசித்துக்கொண்டே படுத்தபோதுதான் உறைத்தது: முக்காலியைத் துடைத்து மேலே வைத்தேன், கல் பையை அவிழ்க்கவில்லை. அது இன்னும் தொங்குகிறது. அப்பா இப்போது கொட்டகையில்தான் இருக்கிறார். விளக்கு எரிகிறது.

நீ அவருக்கு ஒரு வரியாவது எழுதேன். சாப்பாட்டு மேசையில் உன் நாற்காலியில் யாரையும் அவர் உட்காரவிடுவதில்லை, தெரியுமா? ஈஸ்டருக்காவது நீ—

கதவைத் தட்டுகிறார். அப்பாதான். "நோயெமி, அந்தக் கல்லு போதாதுடி. காலையில காத்து ஜாஸ்தி. இன்னும் ரெண்டு போட்டுக் கட்டியிருக்கேன்" என்கிறார். எந்த மலை என்று கேட்கிறார். அக்கா, அவர் குரலில் கோபமே இல்லை, அது—